வடிவு படித்த பழைய விலைகள்

வெள்ளிக்கிழமை காலை, இட்லி அடுப்பில் இருந்தபோது சண்முகவடிவின் மகன் போனில் கூப்பிட்டான். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்துதான் எங்களிடம் எப்போதும் பேசுவான். தமிழில் கேட்டாலும் பதில் அப்படித்தான் வரும். அன்று மட்டும் தமிழில் சொன்னான். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி."

நம் ஞாயிறு கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செய்தியைப் போட்டேன். சந்தை திறக்கும் நேரத்தில் 'இது வாங்கலாமா, அது விற்கலாமா' என்று ஓயாமல் கேட்கும் குழு அது. அன்று மாலை வரை யாரும் ஒரு பங்கின் பெயரைக்கூட எழுதவில்லை. வடிவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நம்மால் செய்திருக்க முடியாது.

அவளை அறியாத புதியவர்களும் இப்போது நம்மோடு இருப்பதால் கொஞ்சம் சொல்கிறேன். குஷாய்குடாவில் எங்கள் தொழிற்சாலையில் அவள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். நான் கணக்குப் பிரிவு. ஒரே வயது, அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். முக்கால்வாசி வாழ்க்கையை ஹைதராபாத்தில் கழித்தும் அவள் பேச்சிலிருந்து திருநெல்வேலி இம்மியும் நகரவில்லை. காய்கறிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசினால்கூட அதில் அந்த ராகம் கேட்கும். ஓய்வு பெற்றவர்களும் பெறப்போகிறவர்களுமாக நாம் தமிழ்ச் சங்கத்துக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடிப் பங்குச் சந்தை பேசத் தொடங்கியபோது, காபிக்காக வந்திருக்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். காபி நன்றாக இல்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நம் செல்வராஜை அவள் படுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் குடும்பம் அவருடையது. அவர் தமிழில் ஊர் உருது கலந்துவரும்: 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம். ஒரு சிமெண்ட் கம்பெனியின் பழைய விலைகளை வரைபடமாக அச்சடித்துக்கொண்டு வந்தார். "ஹவ் அக்கா, தசராக்கு முந்தி வாங்கணும், தீபாவளிக்கு வித்துடணும். வருஷா வருஷம் இதான் நடந்திருக்கு. கைக்கு பயம்?" என்றார். வடிவு படத்தை வாங்கிப் பார்த்துக் கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவளும் சில படங்களோடு வந்தாள். கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை. ஒவ்வொரு படத்தின் வலது பாதியையும் செய்தித்தாளால் மூடிவிட்டு, "இதுக்கு அப்புறம் ஏறுச்சா, இறங்குச்சா? சொல்லுங்க பாப்போம்" என்றாள். ஆளுக்கொரு பதில், ஆளுக்கொரு காரணம். ஏறும் என்று செல்வராஜ் அடித்துச் சொன்ன படத்தில் தாளை விலக்கினால் விலை பள்ளத்தில் கிடந்தது. அது அவருடைய சிமெண்ட் கம்பெனியேதான், அவர் பார்க்காத பழைய வருடங்கள். "நக்கோ அக்கா, இந்த ஆட்டத்துக்கு நான் வரல" என்று எழுந்துவிட்டார்.

"முடிவு தெரிஞ்ச கதையில எல்லாரும் கெட்டிக்காரங்கதான்" என்றாள் வடிவு. அதைச் சொல்லிவிட்டு அவருக்கு அவளே காபி ஊற்றிக் கொடுத்தாள்.

இதனால் அவள் பழைய விலைகளை மதிக்காதவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் அளவுக்கு அவற்றோடு உட்கார்ந்தவர் நம்மில் யாரும் இல்லை. அவள் கேட்ட கேள்விதான் வேறு. "நாளைக்கு என்ன ஆகும்னு இதுகிட்ட கேக்காதீங்க, அதுக்குத் தெரியாது. இது எவ்வளவு ஆடும், அப்படி ஆடினா நமக்குத் தாங்குமான்னு கேளுங்க. அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லும்" என்பாள்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் அதே தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கைக்கு வந்த பணம் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட்டுக்குச் சரியாக இருக்கும். அதற்குமேல் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. அப்போதுதான் மனிதர் ஒரு பம்ப் கம்பெனியைக் கண்டுபிடித்தார்.

"ரெண்டாயிரம் ரூபாயில இருந்த பங்கு, இப்ப நானூத்தைம்பது. கம்பெனி நல்ல லாபத்துல ஓடுது. பழைய இடத்துக்குத் திரும்பினாலே நாலு மடங்கு. அதுவரைக்கும் வாடகைக்கு இருந்துக்கலாம்" என்றார். இணையத்திலிருந்து இறக்கிய விலைப் படத்தையும் காட்டினார். உண்மைதான், இரண்டாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து, அதன்பின் கீழேயே ஊர்ந்துகொண்டிருந்தது. கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கும் அதில் குறை சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, வாடகை வீட்டின் சொந்தக்காரர் சொல்லும்போதெல்லாம் பெட்டி கட்டுவதா? வடிவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அண்ணாச்சி, உங்க மேசையில ஒரு மீட்டர் ரெண்டாயிரம் காட்டிட்டு இருக்கு. மறுநா காலையில நானூறு காட்டுது. மெஷின் அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கு, சத்தம்கூட மாறல. மொதல்ல எதைப் பாப்பீங்க?"

"மீட்டர்ல அளவை மாத்துற ரேஞ்ச் சுவிட்சை யாராவது திருப்பிட்டாங்களான்னு பாப்பேன்" என்றார் இவர். சொல்லிக்கொண்டே படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

ஆயுள் முழுவதும் மீட்டரைச் சந்தேகித்தே சம்பளம் வாங்கியவர், தன் பணம் என்றதும் மீட்டரை நம்பிவிட்டார். விலை விழுந்த அந்த நாளில் கம்பெனி என்ன அறிவித்தது என்று வடிவு தேடி எடுத்தாள். ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். ஐநூறு ரூபாய் நோட்டுக்கு ஐந்து நூறு ரூபாய்த் தாள் வாங்கியது போலத்தான். யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்கு முந்தைய விலைகளையெல்லாம் ஐந்தால் வகுத்து அவள் படத்தைத் திரும்பப் போட்டபோது பள்ளமே காணவில்லை. கோடு ஏறிக்கொண்டே வந்து நானூற்றைம்பதில் நின்றது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே அதுதான் அதிக விலை.

"நீங்க அடிவாரம்னு நினைச்சு நிக்குத இடம் உச்சி, அண்ணாச்சி" என்றாள்.

"பிரிச்சதை அந்த வெப்சைட்ல போடவே இல்லையே" என்றார்.

"அதான் நாம கேக்கணும். இது பிரிச்சதுக்குத் தக்கன திருத்துன விலையா, திருத்தாத விலையா? அதைக் கேக்காம ஒரு எண்ணையும் நம்பாதீங்க."

இவர் அன்று அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கும் வரவில்லை. ஆனால் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வடிவு முதல் ஆளாக வந்து பால் பொங்கும் வரை அடுப்படியில் நின்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியம். ஆனால் அந்தப் பங்கு பின்னாளில் ஏறிவிட்டது. ஆயிரத்தைத் தாண்டியது. இவர் வாய்க்கு அவல் கிடைத்தது. வாராவாரம் கூட்டத்தில், "வடிவு மேடம் புண்ணியத்துல கோடீஸ்வரன் ஆகாம தப்பிச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நீங்களும் சிரித்தீர்கள், மறக்கவில்லை.

வடிவு அசரவே இல்லை. "ஏறாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்க சொன்ன காரணம் தப்புன்னுதான் சொன்னேன். தப்பான காரணத்துக்கு வாங்கி ஜெயிச்சா அது யோகம். யோகத்தை நம்பி வீட்டை விடலாமா?" என்றாள். பிறகு கைபேசியில் அதே பங்கின் விலைகளைத் திறந்து, கொரோனாவில் ஊரடங்கு வந்த மாதத்துக்குப் போனாள். இவர் வாங்க நினைத்த விலையில் பாதிகூட அப்போது இல்லை. "வாங்குன நாளையும் இன்னைக்கு விலையையும் மட்டும் பாக்கீங்க. நடுவுல நடந்து வாங்க. இந்த மாசம் நீங்க என்ன செஞ்சிருப்பீங்க, அண்ணாச்சி?"

"விக்காம கல்லு மாதிரி உக்காந்திருப்பேன்."

"அப்பச் சரி" என்று சிரித்துவிட்டு அவள் கைபேசியை மூடினாள். எனக்காக இன்னும் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறர் பதிலை அவள் ஒருபோதும் பிடுங்கியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அவளுக்கு நோய் வந்தபோதும் அதே ஆள்தான். அவள் மகன் அதே நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதியவற்றையெல்லாம் இணையத்தில் தேடிப் படித்துக் காட்டினான். இவள் கேட்டாள். "பொழைச்சவங்கதானேலே எழுதியிருக்காங்க? மத்தவங்க எங்க எழுதுவாங்க?" இன்று சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் பழைய விலைகளை மட்டும் பார்க்காதே, மூடிப்போனவற்றையும் சேர்த்துப் பார் என்று நம்மிடம் சொன்னதும் இதையேதான். ஆனால் அதற்காக அவள் மருந்தை விடவில்லை. "எல்லாருக்கும் சேத்துப் போட்ட கணக்கு அது. எனக்கு என்னன்னு நான் இருந்துல்லா பாக்கணும்" என்று கடைசி வரை தெம்பாகவே சிகிச்சைக்குப் போய்வந்தாள். நான் அழுதபோதெல்லாம் அதட்டினாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். யார் எந்தப் பழைய விலையைக் காட்டி ஆசை காட்டினாலும், நடுவில் ஒரு மோசமான மாதத்தில் விரலை வைத்து, அன்று நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்கிறேன். பெரும்பாலும் எனக்குப் பெருமை தராத பதில்தான் வருகிறது. அதை வைத்து முடிவெடுத்த எதிலும் நான் நொந்ததில்லை.

அவளை வழியனுப்பிவிட்டு வந்து, குளித்து, இவரும் நானும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இவர் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பம்ப் கம்பெனி, அந்த ஊரடங்கு மாதம். எங்கள் மகனுக்கு வேலை போய், மனைவி குழந்தையோடு வந்து எங்களுடன் இதே ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த மாதம் அது.

"என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"வித்திருப்பேன் ஜெயந்தி. மொத்தத்தையும் அடிமாட்டு விலைக்கு வித்திருப்பேன்" என்றார். பிறகு, "அவங்க கேட்டப்பவே தெரியும்" என்றார்.