துரு போச்சு, குரு வந்தாச்சு

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டுத் தோட்டத்து இரும்பு நாற்காலிகள் நான்கும் இன்று காலை என் திருக்கரங்களால் புத்துயிர் பெற்றன.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பழைய பச்சையின் மேல் புதுப் பச்சை பெயிண்ட் அடித்தேன். அம்மா வந்து பார்த்தபோது நாலும் பளபளத்தன.

அந்த நேரம் பார்த்து எங்கள் தேவாலயப் பங்குச்சாமி வெள்ளை அங்கியோடு உள்ளே வந்தார். துரு போனதும் குரு.

"எரியோட்டுல கல்யாணப் பூசைம்மா. போற வழில செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றபடியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ சாமி, பெயிண்ட் ஈரம்" என்றார் அம்மா.

சாமி அசையவில்லை. மாற்று அங்கி கிடையாது. பின்பக்கம் பச்சையாகப் போய் நின்றால் மணமக்களை யார் பார்ப்பார்கள்? அம்மா என்னைப் பார்த்த சூட்டில் பெயிண்டே காய்ந்திருக்கும்.

சாமி மெல்ல எழுந்தார். அம்மா சுற்றிவந்து பார்த்தார். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. மூவருக்கும் மூச்சு வந்தது.

"அம்புட்டுச் சீக்கிரம் காஞ்சிருச்சா? கெட்டிக்காரன்லே நீ. கோயில் தோட்டத்து பெஞ்சுக்கும் இதே பெயிண்ட அடிச்சுக் குடு" என்றார் சாமி.

"அடிச்சிருவோம் சாமி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

உட்கார்ந்தாலும் ஒட்டாத பெயிண்ட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். கை வலித்ததால் நாலில் ஒன்றை வெறும் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். அது எது என்று சாமி எழுந்திருக்கும்வரை எனக்கே ஞாபகமில்லை.