ரிவோல்வருக்கு ஒரு விண்ணப்பம்

என்னிடம் உள்ள கார்பன் பிரதியின் மேல் மூலையில் 1990 மார்ச் 6 என்று திகதி இருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டிலிருந்து, எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு, என் அக்காவின் கணவர் கையொப்பமிட்டு அனுப்பிய ஆங்கிலக் கடிதம். தட்டச்சு செய்தவன் நான். ஆறாவது பந்தியின் சாரம் இது: தற்காப்புக்கு ரிவோல்வர், தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டல் ஆகிய இரண்டில் முன்னதே பொருத்தமானது என்று விண்ணப்பதாரர் கருதுகிறார், இரு வகை ஆயுதங்களையும் கையாண்ட அனுபவமுள்ள, இதே வீட்டில் வசிக்கும் ஒருவரின் கருத்தும் அதுவே.

கடைசி வாக்கியம் அத்தான் சொன்னதல்ல. நான் சேர்த்தது.

பெப்ரவரி 22, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணியளவில் அத்தானின் மூலைக்கடைக்குள் இருவர் வந்தார்கள். அக்கா தனியே நின்றா. ஒருவன் கத்தியை நீட்டியபோது, ஏன் என்று தெரியாமலே அக்கா அதைக் கையால் பிடித்துவிட்டா. இடது உள்ளங்கையில் எட்டுத் தையல். வந்தவர்கள் கல்லாப் பெட்டியையும் சிகரெட்டுகளையும் கொண்டு போனார்கள். பொலிஸார் இருட்டின பிறகு வந்து ஓர் அட்டையில் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் இலங்கையில், ஊரில் வங்கி மனேஜராக இருந்தவர். 1974இல் மாவட்ட நிர்வாகியான அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, முறையாக லைசென்ஸ் பெற்று, ரிவோல்வர் ஒன்று வைத்திருந்தார். ஒருபோதும் சுட்டதில்லை. 1985இல் சைக்கிளில் வந்த, ஆயுத இயக்கமொன்றைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்பியாசக் கொப்பித் தாளில் ரசீது எழுதிக் கொடுத்தார்கள். லைசென்ஸையும் ரசீதையும் அத்தான் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் லண்டனுக்குக் கொண்டு வந்திருந்தார். உரிய அதிகாரிக்கு ஒழுங்கான மொழியில் எழுதினால் எந்தக் காரியமும் நடக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

எங்கள் வீட்டின் மேல் பின் அறையில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். முப்பத்தொரு வயது. பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். மனைவியும் நான்கு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவருடைய அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. முடிவு வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். மகளைக் கைக்குழந்தையாக விட்டு வந்தவர். அந்த விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தையும் நான்தான் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்தேன், 1987 செப்டெம்பர் 14ஆம் திகதி. அதன் நான்காவது பந்தி: நான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை. ஆயுதம் தூக்கியதாகச் சொன்னால் நிராகரித்துவிடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் சொன்னார், நான் அடித்தேன். அது பொய் என்று எனக்குத் தெரிய வந்தது இரண்டரை வருடம் கழித்து, எங்கள் குசினியில்.

அது மார்ச் 4, ஞாயிறு மத்தியானம். அத்தான் ரயில் ஸ்டேஷன் கடையில் துப்பாக்கிச் சஞ்சிகை ஒன்று வாங்கி வந்திருந்தார். கலண்டர்த் தாளின் பின்புறத்தில் இரண்டு துப்பாக்கிகளை வரைந்து வைத்து, இந்தக் காலத்துக்குப் பிஸ்டல்தான் சரி என்று எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மேலறைக்காரர் கழுவுதொட்டியடியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். அக்கா கட்டுப்போட்ட கையை மேசையில் வைத்தபடி இருந்தா.

“கள்ளன் வந்து நிக்கேக்க நீங்கள் கண்ணாடியைத் தேடுவியள்,” என்றா அக்கா. “முதல்ல அதைக் கண்டுபிடியுங்கோ.”

மேலறைக்காரர் சிரித்தார். பிறகு திரும்பாமலே சொன்னார். “மனேஜர், உங்களுக்குப் பிஸ்டல் சரிவராது.”

“ஏன் சரிவராது? பதின்மூண்டு தோட்டா பிடிக்குமாம். ரிவோல்வர் எண்டால் ஆறுதானே.”

“ஆறும் முடியுமட்டும் கள்ளன் நிப்பானோ?”

அதற்குப் பிறகு அவர் வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். அத்தானின் படத்தில் பிழை இருக்கிறது என்று பென்சிலை வாங்கித் திருத்தினார். ரிவோல்வரில் தோட்டா உருளையில் இருக்கிறது. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுக்க அடுத்தது வந்து நிற்கும். மாதக்கணக்கில் மேசை லாச்சியில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும். விசை இறுக்கம், அதனால் கை தவறிச் சுடுவது குறைவு. ஆனால் முடிந்தால் மறுபடி நிரப்பச் சுணங்கும். பிஸ்டல் தட்டையானது, இடுப்பில் தெரியாது, கூடத் தோட்டா பிடிக்கும், தோட்டா மகசினைக் கழற்றி மற்றதைப் போட ஒரு நிமிடம் வேண்டாம். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். மேற்பகுதியை இழுத்து விட வேண்டும், பூட்டு விலக்கியிருக்கிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும். பிடி தளர்ந்தாலோ தூசு போனாலோ வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே வராமல் சிக்கும். பயந்த மனிதனின் கைக்கு அது ஏற்ற சாமான் இல்லை.

இவ்வளவு தெளிவாக ஒருவர் எதையும் விளக்கி நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. சிக்கினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

“இழுத்து விடோணும்,” என்றார். “எங்களோட ஒருத்தன். கடற்கரை மணல் போயிட்டுது. ஒருக்கா இழுத்தான். ரெண்டாந்தரம் இழுக்க விடேல்லை.”

அவர் பென்சிலைப் படத்தின் மேல் வைத்துவிட்டுப் போய் மறுபடி வெங்காயம் உரித்தார். அக்கா அந்தத் தாளை நான்காக மடித்துக் கிழித்தா.

“உந்தக் கதையள் இந்தக் குசினியோட நிக்கட்டும்,” என்றா.

அன்றே நான் அதைத் திகதியிட்டு நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாள் நூலகத்தில் ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று இருந்தது. எது தகுந்தது என்று இல்லை. எட்டுத் தையல் தகுந்த காரணம்தான் என்று நானாக முடிவு செய்தேன். இந்த நாட்டில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கொடுப்பதில்லை என்பது பொலிஸாரின் நெடுநாள் நடைமுறை. அது நான் பார்த்த புத்தகத்தில் இருக்கவில்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

அத்தான் இப்போது ரிவோல்வருக்கு மாறியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பழைய லைசென்ஸ் இணைப்பு ஒன்று. கொப்பித் தாள் ரசீது இணைப்பு இரண்டு, துப்பாக்கி இப்போது அவர் கையில் இல்லை என்பதற்கு ஆதாரம். ஆறாவது பந்தியில் இரண்டு ஆயுதங்களையும் ஒப்பிட்டு எழுதி முடித்தபோது, ரிவோல்வரை ஒரு நாளும் சுடாத, பிஸ்டலைக் கையால் தொடாத ஒருவரின் கருத்தாக அது நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூலம் சொல்லாமல் ஒரு தகவலை எழுதுவது எனக்கு எப்போதும் திருட்டு மாதிரி. பெயர் போடவில்லை. பெயர் போடாததால் அக்காவின் சொல்லை மீறவில்லை என்று நினைத்தேன்.

மார்ச் 21, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஓர் ஆணும் பெண்ணுமாக இரண்டு பொலிஸார் வந்தார்கள். தபால் பிரிக்கும் நிலையத்தில் அந்த வாரம் எனக்குப் பிற்பகல் ஷிப்ட் என்பதால் நான் வீட்டில் நின்றேன். அத்தான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். தேத்தண்ணி போடச் சொன்னார். நேர்முகத் தேர்வு என்றே நினைத்தார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வீட்டில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, லாச்சிகளைத் திறந்து பார்த்தார்கள். தற்காப்பு ஒரு காரணமே அல்ல என்றார்கள். பிறகு அந்தப் பெண் கடிதத்தை எடுத்து, ஆறாவது பந்தியில் சொல்லப்பட்டவர் யார் என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் கையொப்பமிட்டிருந்தார் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அது தன் புருஷன் தன்னைத்தானே பெருமையாக எழுதியது என்றா. அந்தக் கணத்தில் மேலறைக்காரர் பெற்றோல் நிலையச் சட்டையோடு, வேலைக்குப் போக, படியால் இறங்கி வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பெயரும் பிறந்த திகதியும் கேட்டார்கள். சொன்னார். எழுதிக்கொண்டார்கள். தேத்தண்ணியை யாரும் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவர் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கார்பன் பிரதியைக் கொடுத்தேன். விரல் வைத்து ஆறாவது பந்தியை வாசித்தார்.

“அண்ணை, என்ர வாக்குமூலமும் இந்த மெஷினிலதானே அடிச்சது?”

“ஓம்.”

“ரெண்டிலயும் இங்கிலீஷ் ஈ எழுத்து கொஞ்சம் மேல நிக்குது.” தாளை மடிக்காமல் மேசையில் வைத்தார். “நான் வாறன், ஷிப்ட்டுக்கு நேரம் போட்டுது.”

அதன் பிறகு அவர் எங்களோடு இருந்து சாப்பிடவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு வந்து சமைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நாட்குறிப்பில் பார்த்தேன். இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

அவருடைய அகதி விண்ணப்பத்துக்கான நிராகரிப்புக் கடிதம் 1991 ஜூன் 14 என்று திகதியிட்டு வந்தது. அவருடைய கூற்றுகள் நம்பத்தக்கவை அல்ல என்று இருந்தது. எந்தக் கூற்று என்று இல்லை. என்னிடம்தான் வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். மேல்முறையீடு பற்றி நான் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கடையில் நின்றபோது ஒரு பையோடு போய்விட்டார். அறைக் கதவின் திறப்பைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஓகஸ்டில் மனைவியிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவர்கள் அப்போது இடம்பெயர்ந்திருந்தார்கள், திருப்பி அனுப்ப முகவரி இல்லை. இரண்டையும் திறக்காமல் வைத்திருக்கிறேன். லூயிஷாம் சிவன் கோயிலில் ஒருவர், ஜேர்மனியில் அவரைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள் என்றார். அடுத்த வருடம் இன்னொருவர் அவர் கனடாவில் என்றார். இருவருமே நேரில் கண்டவர்கள் அல்ல.

1997இல் இந்த நாட்டில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று ஒப்படைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீண்ட மேசை, ரிவோல்வர்கள் ஒரு பக்கம், பிஸ்டல்கள் மற்றப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அத்தான் எழுந்து போய் நிறுத்திவிட்டார். அக்கா இடது கையை விரித்து மூடிக்கொண்டிருந்தா. குளிர் நாட்களில் அந்தக் கையை முழுதாக மூட ஏலாது.

உள்துறை அமைச்சுக்கு நான் 1994இலும் 1998இலும் எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: ஒருவரின் கோப்பை அவருக்கோ, அவர் கையொப்பமிட்ட சம்மதம் கொண்டு வருபவருக்கோதான் காட்டலாம். அந்தக் கையொப்பத்தைப் பெற எனக்கு வழி இல்லை. பொலிஸாருக்கு நான் எழுதிய ஆறாவது பந்தி அவருடைய அகதிக் கோப்புக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.