துட்டி கேட்க வந்தவன்

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று போதகர் என்னிடம் சொன்னதும் என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அவிய கேட்டா மாட்டேன்னு சொல்லிராத" என்று மிரட்டியே வைத்தாள். தலைப்பும் கொடுத்துவிட்டார்கள்: 'இயேசு உயிர்த்தெழுந்ததால் எனக்கு என்ன?'

எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான் அப்போதைய உண்மை. எட்டு மாதத்துக்கு முன்னால் காவலர் தேர்வு எழுதிப் பாஸாகி, ஓட்டத்திலும் பாஸாகி, கயிறு ஏறும்போது பாதியில் கை வழுக்கிக் கீழே வந்து சேர்ந்தேன். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஏறினேன். அன்றிலிருந்து ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் முழங்கால் போடுவேன். "நீர் நல்லவர், நீர் பெரியவர், நீர் இரக்கமுள்ளவர்" என்பேன், எழுந்து ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். கயிற்றைப் பற்றி மூச்சு விட மாட்டேன்.

இந்த லட்சணத்தில் நாலு பக்கம் எழுதினேன். முன்னுரை, முடிவுரையெல்லாம் வைத்து, பரீட்சைக் கட்டுரை மாதிரியே வந்தது. ஐந்து மார்க் போடலாம். சபை முன்னால் நின்று வாசித்தால் பொய்.

பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷின் ஓட்டுகிறவன் செட்டியார்பட்டிக்காரன், இந்துப் பையன். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது, "நாளைக்கு எதுக்குலே லீவு?" என்றான். "எங்களுக்குத் துக்க நாளு. ஏசு செத்த நாளுலே" என்றேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்து, சர்ச்சில் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தோம். அம்மா வெள்ளைச் சேலையைக்கூட மாற்றவில்லை. பைக் சத்தம் கேட்டது. அவன்தான். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான். துட்டி கேட்க வருகிறவர்கள் சாவு வீட்டில் அப்படித்தான் நீட்டுவார்கள், வீட்டுக்காரர் தொட வேண்டும். பழக்கதோஷம், நானும் தொட்டுவிட்டேன்.

"எப்பலே எடுத்தாக?" என்றான்.

"ரெண்டாயிரம் வருசம் ஆச்சுலே."

"நான் லேட்டுதான். ஷிப்ட விட்டுட்டு வர முடியல."

முகத்தில் சிரிப்பே இல்லை. கேலி பண்ணினானா, நிஜமாகவே வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தரையிலேயே உட்கார்ந்தான். பொறவு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்ல மனுசன். ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சதில்ல. எம்புட்டுப் பேரக் கொணப்படுத்தியிருக்காரு" என்றான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, அவரு ஞாயித்துக்கெழம எந்திரிச்சிருவாருய்யா!"

"அப்ப ஞாயித்துக்கெழம வரட்டா அத்தே?"

"வா. கோழிக்கொழம்பு வைக்கேன்."

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தான். நேரே வெளியே போய் பைக்கை எடுத்துவிட்டான்.

"என்ன பிள்ள இவன், போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போறான்?"

"துட்டி வீட்ல யாரும்மா வாரேன்னு சொல்லுவா?"

சொன்ன வாய் மூடவில்லை, எனக்கு உறைத்துவிட்டது. அவன் உட்கார்ந்து பேசியது அப்படியே என் ஜெபம். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேசுவோம். 'வாரேன்னு சொன்னீரே, ஏன் வரல?' என்று யாரும் பிரேதத்திடம் சண்டைக்குப் போவதில்லை. நல்லவர், பெரியவர் என்போம், சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். எட்டு மாதமாக நான் தினமும் ஆண்டவருக்குத் துட்டி கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அம்மா மில்லுக்குப் போனதும் மொட்டை மாடிக்கு ஏறினேன். கணக்குப்படி அவர் அன்று கல்லறையில்தான் இருக்க வேண்டும். எனக்கு ஞாயிறுவரை பொறுக்கவில்லை. "ஏன் வழுக்க விட்டீரு? உம்மகிட்ட கேட்டுட்டுத்தானே ஏறுனேன்? தெருவுல அம்புட்டுப் பேருகிட்டயும் எங்கம்மா சொல்லி வச்சிருந்தா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, ஏதோ பொண்ணு விவகாரம் என்று நினைத்தார்களோ என்னவோ, மெல்லக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பேச ஆள் இல்லாத இடத்தில் பேசியது போலவும் இல்லை. அவர் எழுந்தார் என்பதைச் சின்ன வயதிலிருந்து நம்பி வந்திருக்கிறேன். எழுந்தவரிடம் கோபித்துக்கொள்ளலாம் என்பது அந்த வெயிலில்தான் புரிந்தது.

ஞாயிறு விடியலில் நாலு பக்கத்தையும் பைபிளுக்குள்ளேயே விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். "எப்பலே எடுத்தாக" என்றதும் ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெண்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை. நான் கயிற்றிலிருந்து விழுந்தது அம்மாவுக்குத் தெரியும். ஆண்டவரோடு பேசாமல் இருந்தது தெரியாது.

"ஜெபம் பண்ணி முடிங்க தம்பி" என்றார் போதகர். நல்லவர், பெரியவர் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "அப்பா, அடுத்த தேர்வுலயும் நான் கயிறு ஏறப் போறேன். திரும்ப வழுக்குனாலும் உம்மகிட்டதான் சண்டைக்கு வருவேன். இனி பேசாம மட்டும் இருக்க மாட்டேன். ஆமென்" என்றேன்.

வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையில் டம்ளரைத் திணித்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் கலங்கவில்லை.

"ஏலே, அவரு மூணாம் நாளே எந்திரிச்சிட்டாரு. கயித்துல இருந்து விழுந்தவன் நீ எட்டு மாசமாக் கெடக்க. நாளைக்குக் காலைல எந்திரிச்சு கிரவுண்டுக்குப் போற வழியப் பாரு."