மூன்றாவது குழாயின் ஈக்கள்

போன சனிக்கிழமை என் மகள் ஜெனி தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாள். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அன்றைக்கு மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் அங்கே வளர்ப்பது... ஈ. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈ.

மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேஜையில் தட்டினாள். எல்லா ஈக்களும் அடியில் விழுந்தன. முதல் குழாயில் இருந்தவை விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டன. இரண்டாவதில் இருந்தவை ஏறப் பார்த்தன, சறுக்கின, மல்லாந்து கிடந்து கால்களை உதறின.

என் கணவரின் கால்களை அங்கே பார்த்தேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் — அவருக்கு வந்திருப்பது பரம்பரை மூளை நோய். கையும் காலும் அவர் சொல்லாமலே ஆடும். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த நோயின் ஜீனைத்தான் இரண்டாவது குழாய் ஈக்களுக்குள் வைத்திருக்கிறார்களாம்.

மூன்றாவதும் நோய் ஈக்கள்தான். ஆனால் தீனியில் ஒரு சத்து மாத்திரையின் பொடியைக் கலந்திருந்தார்கள். அவை பாதி உயரம் ஏறின.

மாத்திரையின் பெயரைக் கேட்டேன்.

"நீ இதத்தான் கேப்பேன்னு தெரியும். கடையில விக்கறதுதான். ஆனா இது ஈம்மா. அளவு கொஞ்சம் கூடினா அதே ஈ சீக்கிரம் செத்துப்போவுது. மனுஷனுக்கு என்னா ஆவும்னு எங்களுக்கே தெரியாது."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். என் காதில் விழுந்தது 'கடையில விக்கறது' மட்டும்தான். பெற்றவர்களின் காது அப்படித்தான்... வேண்டியதை மட்டும் வடிகட்டிக்கொள்ளும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் முதலியார்பேட்டை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தெரிந்தவர். சாருக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் பொய் சொன்னேன்? மகளுக்கு என்று வாயால் சொன்னால் அவளுக்கு வந்தேவிடும் போலிருந்தது.

ஜெனி இன்னும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவள் காபி டம்ளரை எடுக்கும்போது விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பேன். அவள் கவனித்துவிட்டால் ஜன்னலைப் பார்ப்பேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். லேபிளைப் பொறுமையாகப் படித்தாள். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"என்னையும் குழாயில போட்டுத் தட்டிப் பாக்கலாம்னு இருக்கியா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்து அறையில் அவருடைய நாற்காலி தரையில் உரசிக்கொண்டே இருந்தது.

அவள் சிரிப்பு நின்றது. மூடியைத் திருகி ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஈ வேறு, மனுஷன் வேறு என்று சொன்ன அதே பெண்.

டாக்டரைக் கேட்காமல் இப்படியா என்று நானே பதறினேன். வாங்கி வந்தவள் நான்!

"ஒண்ணுதானேம்மா," என்றாள். டப்பாவைத் திருப்பித் தரவில்லை. எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

என் மனதைத் தேற்ற விழுங்கினாளா? இல்லை, அவளும் என்னைப் போலவே பயந்து கிடக்கிறாளா? கேட்கவில்லை.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.