டெரியின்ர முழங்காலும் என்ர வாயும்

டெரி போயிட்டான்.

காலமை பஸ்ஸுக்கு நிக்கேக்கை வேலை குரூப்பிலை மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை, ஹார்ட் அட்டாக்... ஐம்பத்திரண்டு வயது. என்ர வயதுதான்.

உங்களிலை கனபேருக்கு அவனைத் தெரியாது. லில்லெஸ்ட்ரோம் பக்கம் நான் சாமான் ஏத்தி இறக்கிற லாகரிலை, அதுதான் களஞ்சியத்திலை, ஆறு வருசம் என்னோடை வேலை செய்தவன். இங்கிலீஷ்காரன், நோர்வேக்காரியைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவன்.

அதுக்கு முதல் பதினொரு வருசம் இங்கிலாந்திலை ஃபுட்போல் விளையாடிச் சம்பளம் வாங்கினவன். டிவியிலை வாற பெரிய கிளப்புகள் இல்லை... கீழை, நாலாவது டிவிஷன். லெஃப்ட் பேக்.

உண்மையைச் சொல்லுறன். எனக்கு அவனிலை பயங்கரப் பொறாமை.

அவன் வரும்வரைக்கும் லாகரிலை ஃபுட்போல்காரன் எண்டால் நான்தான். யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட டீமிலை லெஃப்ட் விங். இஞ்சை வந்த புதுசிலை ஒரு கிளப்பிலை ஒரு கிழமை ட்ரயலும் போனனான்.

கிளப் என்னை எடுக்க இருந்தது, முழங்கால் அடிபட்டுப் போச்சு... பிரேக்கிலை எல்லாருக்கும் நான் சொல்லுற கதை அதுதான்.

முழங்காலுக்கு ஒண்டும் நடக்கேல்லை. கோச் கூப்பிடுறம் எண்டவர், கூப்பிடேல்லை. அவ்வளவுதான்.

டெரி வந்த முதல் கிழமையே ஆரோ யூடியூப்பிலை அவன்ர வீடியோ ஒண்டைத் தேடிப் பிடிச்சிட்டாங்கள். கப் மேட்ச், நல்ல மழை, கோல்கீப்பரைத் தாண்டிப் போன பந்தை லைனிலை விழுந்து காலாலை வெளியிலை தட்டுறான்.

கன்டீனிலை எல்லாரும் போனைச் சுத்தி நிண்டு கை தட்டினவை. நானும் தட்டினனான்.

பிறகு ஸ்டோவ்னரிலை என்ர வீட்டுச் சோஃபாவிலை இருந்து அதை எத்தினை தரம் பாத்தனெண்டு என்ர மனுசிக்கும் தெரியாது. சனம் அவன்ர பேரைக் கத்துற சத்தம் அதிலை கேக்கும்...

ஒருநாள் என்ர கதையைக் கேட்டுப்போட்டு, எந்த முழங்கால் எண்டு கேட்டான். இடது எண்டன்.

அண்டைக்கே லொறியிலை இருந்து குதிச்சு இடது காலிலைதான் இறங்கினன். டெரி பாத்துக்கொண்டு நிண்டான். எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை, வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அவன்ர வலது முழங்காலுக்கு மூண்டு ஒபரேஷன். குளிருக்குப் படியேறேக்கை பல்லைக் கடிச்சுக்கொண்டு ஏறுவான், ஆனால் வெளியிலை காட்டமாட்டான். அப்ப அவன் தற்காலிக வேலைதான்.

அந்த வாழ்க்கை எப்பிடி இருந்தது எண்டு ஒருக்கா கேட்டனான். பெருசா ஏதும் சொல்லுவான் எண்டு பாத்தால், மே மாசத்தைப் பற்றிக் கதைச்சான்.

சீசன் முடிய மனேஜர் ஒவ்வொருத்தரா அறைக்குக் கூப்பிடுவாராம். அடுத்த வருசத்துக்கு வைச்சிருக்கிற லிஸ்ட்டிலை பேர் இருக்கோ இல்லையோ... ரெண்டு நிமிசத்திலை தெரிஞ்சிடும்.

ஏழு கிளப். அஞ்சு தரம் அப்பிடி அறைக்குக் கூப்பிட்டு நிப்பாட்டினவை. கடைசித் தரம் நிப்பாட்டேக்கை மகள் பிறந்து ஆறு கிழமையாம்.

வேற ஆரும் கேட்டால் பாவம் எண்டு நினைப்பினம். நான் நினைச்சது, நிப்பாட்டுறதெண்டால் முதல்லை எடுத்திருக்கோணும். என்னை எந்த அறைக்கும் ஒருத்தரும் கூப்பிடேல்லை.

அவன் வந்த அடுத்த வசந்தத்திலை வேலை ஆக்களின்ர டீமுக்கு டெரியைக் கோச் ஆக்கினாங்கள். அதுவரைக்கும் அங்கை எல்லாம் நான்தான்.

முதல் மேட்ச்சிலையே ரெண்டாம் பாதியிலை என்னை வெளியிலை எடுத்தான். சரியான முடிவுதான், எனக்கு மூச்சு வாங்கினது... ஆனால் எல்லாருக்கும் முன்னாலை.

அடுத்த நாள் ஷெஃப்பிட்டை, எங்கடை மேலதிகாரியிட்டைப் போனன். கவலைப்படுற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு, டெரிக்கு முழங்கால் சரியில்லை, பாரம் தூக்கக் கஷ்டப்படுறான் எண்டு சொன்னனான்.

தற்காலிக ஆக்களுக்கு அதுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்.

ஷெஃப் டெரியைக் கூப்பிட்டார். அவன் கையுறையைக் கழட்டி பொக்கெற்றுக்கை வைச்சிட்டு அந்த அறைப்பக்கம் நடந்ததை பெட்டிகளுக்குப் பின்னாலை நிண்டு பாத்தனான்.

ஆனால் ஷெஃப் நிப்பாட்டேல்லை. கொம்ப்யூட்டரிலை இருந்து லொறிகளை ஒழுங்குபடுத்துற வேலையைக் குடுத்தார். மூண்டு மாசத்திலை நிரந்தரமும் ஆக்கினார்.

டெரி நேர என்னட்டைத்தான் வந்தான். ஷெஃப் என்ர பேரைச் சொல்லிப்போட்டார்.

என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னான்: "விளையாடின காலம் முழுக்க இந்த முழங்காலை எல்லாரிட்டையும் மறைச்சனான். எனக்காக இதைக் கதைச்ச முதல் ஆள் நீதான்."

பரவாயில்லை எண்டன்.

வேற என்ன சொல்ல... சொல்லியிருக்கலாம். சொல்லுறதுக்கு அஞ்சு வருசம் இருந்தது.

இண்டைக்குப் பின்னேரம் அவன்ர மனுசிக்குப் போன் எடுத்தனான். என்ர பேரைக் கேட்டதும் அழுதுட்டா. டெரியின்ர வேலையைக் காப்பாத்தித் தந்தது நீங்கள்தான் எண்டு சொன்னா.

வியாழக்கிழமை சேர்ச்சிலை பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணுமாம். அதிலை ஒராளா வருவீங்களோ எண்டு கேட்டா.

ஓம் எண்டிட்டன்.

உன்ர மனுசிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை, டெரி. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதாலைதான் இஞ்சை எழுதுறன்.

இப்பவும் உன்னிலை பொறாமைதான்.

போட்டு வா மச்சான்...