கண்ணாடிக் கூண்டுக்குள் ஜீவராணி

டயகம தேயிலைத் தோட்டத்து ஜீவராணி மாநாட்டு மொழிபெயர்ப்பாளராக ஆறு மாதம் பயின்றாள். கடைசித் தேர்வு, நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் நடந்த மண்சரிவு மாநாடு. மேடையில் தமிழில் பேசுவதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி உடனுக்குடன் சிங்களத்தில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். தவறினால் சான்றிதழ் இல்லை, மறுபடி கொழுந்துக்கூடைதான்.

மண்சரிவில் தப்பியவர்கள் சார்பில் மேடையேறிய சண்முகவடிவு, “என் மகள மண்ணு மூடிருச்சுங்க” என்றாள்.

ஜீவராணிக்கும் ஐந்து வயதில் ஒரு மகள். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுச் சாவைச் சொன்னாலே, ‘நம்ம வீட்டுக்கு வேணாம்’ என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். தன் வாயால் ‘என் மகள்’ என்பதா? ‘அவருடைய மகள்’ என்று மாற்றிவிட்டாள். அதோடு விட்டாளா? ‘நம்ம வீட்டுக்கு வேணாம்’ என்று மைக்கில் முணுமுணுக்கவும் செய்தாள்.

சண்முகவடிவு பேச முடியாமல் அழுத இடைவெளியில், பரீட்சகர் றோலண்ட் கூண்டின் கதவைத் திறந்தார்.

“சாமி கும்பிடவா வந்தீங்க? இன்னொரு வாட்டி மாத்துனா எழும்பிப் போயிறணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்முகவடிவு அதையே திரும்பச் சொன்னாள். ஜீவராணி மூச்சை இழுத்து, சிங்களத்தில், “என் மகளை மண் மூடிவிட்டது” என்றாள்.

ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது.

குனிந்தாள், யாருமில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். பேச்சு முடியும்வரை அந்தக் கை விரலை விடவில்லை. அவளும் ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

தேறிவிட்டாள் என்று றோலண்ட் சைகை காட்டியது அவள் கண்ணில் படவேயில்லை. வெளியே ஓடிவந்து வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, பிஸ்கட் வாங்கிட்டு வாங்க!”

மகளின் குரல். போன உயிர் வந்தது. திரும்பினால், எதிரே சண்முகவடிவு.

“கண்ணாடி வழியாப் பாத்தேங்க. குனிஞ்சு குனிஞ்சு யாரத் தேடுனீங்க?”

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“ஒரு சின்னப் புள்ள கை, அக்கா. என் வெரலப் பிடிச்சிருந்திச்சு.”

“சூடா இருந்திச்சா?”

ஆமாம் என்றால் அந்தத் தாய் கொஞ்சமாவது தூங்குவாள்.

“இல்லக்கா. சில்லுன்னு இருந்திச்சு.”

சண்முகவடிவு தன் ஸ்வெட்டரைக் கழற்றினாள். கூண்டுக்குள் போய், அதைக் காலி நாற்காலியின் முதுகில் போர்த்தி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.