சுவீடன்காரருக்கு வந்த தொலைபேசி

எட்டு உருளைக்கிழங்குகளும் இரண்டு வெங்காயங்களும். சுவிஸில், லுசேர்ண் ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலின் குசினியில், மரக்கறி வெட்டும் மேசை மேல் சுவீடன்காரர் அவற்றைப் பரப்பி வைப்பார். கிழங்குகள் நான்கு நான்காக இரண்டு வரிசை. வெங்காயங்கள் முன்னால், கோல் அடிப்பதற்கு. ஒரு கிழங்கை விரலால் முன்னே தள்ளிவிட்டு, பக்கத்துக் கிழங்கு எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்பார். நான் தவறான திசையில் நகர்த்துவேன். அவர் பொறுமையாகத் திருத்துவார். ஒருவன் இழுபட்டுப் போனால் மற்றவர்கள் எல்லாரும் அவனுடைய ஓட்டையை மூடுகிற மாதிரி நகர வேண்டும். அவருடைய கால்பந்துக் கழகம் உலகத்துக்குச் சொன்ன ஒரே செய்தி அதுதானாம். பாடம் முடிந்ததும் அந்த அணியை நான் தோல் சீவி சூப்புக்குப் போடுவேன்.

எனக்குப் பந்தில் ஒரு ஈடுபாடும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்திலேயே மைதானத்தைச் சுற்றிப் போய் நூலகத்துக்குள் நுழைகிற இனம் நான். எண்பத்தேழாம் ஆண்டின் அந்த வசந்தத்தில் நான் சுவீடன்காரரின் மாணவனானதற்குக் காரணம் வேறு. என் அகதி விண்ணப்பத்துக்கான விசாரணைக்குப் பேர்ண் நகரத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. அதற்கு ஒரு நாள் லீவு வேண்டும். லீவு கொடுப்பவர் இரண்டாவது சமையற்காரரான சுவீடன்காரர். எனக்கு முன்பே வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மட்டக்களப்பு அண்ணை ஒருவர் வழி சொன்னார்.

"எடுத்த எடுப்பிலை லீவு கேட்டுப் போடாதை. முதல் அந்தாளோடை நாலு கதை கதை. பந்தைப் பற்றிக் கேள்."

இது எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லாத நடைமுறை. ஒருவர் வீட்டுக்கு அலுவலாகப் போனால் தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, ஊர்க்கதை முழுக்கக் கதைத்து, செருப்பைப் போடும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வோம். நேரே கேட்பது பிச்சை. சுற்றிக் கேட்பது பண்பு. நானும் பண்போடு தொடங்கினேன். சுவீடன்காரருக்கோ, சுவிஸில் தன் கழகத்தைப் பற்றிக் கேட்க முதன்முறையாக ஒரு மனிதன் கிடைத்திருந்தான். செருப்பைப் போடும் கட்டத்துக்கு அவர் என்னை விடவே இல்லை.

துறைமுக நகரம் ஒன்றில், தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியின் காப்பிக்கடையில் பிறந்த கழகமாம். நாட்டின் சம்பியனாக வந்த அடுத்த வருடமே இரண்டாம் பிரிவுக்கு விழுந்த பெருமையும் அதற்கு உண்டு. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோப்பைகளைச் சொல்லும்போது இருந்ததைவிட அதிகப் பாசம் இருந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பயிற்றுநராக வந்து, இந்தக் கிழங்குக் கணக்கைப் புகுத்தினார். எண்பதுகளின் தொடக்கத்தில், பகலில் குழாய் பொருத்தியும் சமைத்தும் பிழைத்தவர்கள் மாலையில் பந்தடித்து, பணக்காரக் கழகங்களை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோப்பையைத்தான் சுவீடன்காரர் காணவில்லை. சின்ன வயதிலிருந்து அவரும் துறைமுகத் தொழிலாளியான தகப்பனும் மைதானத்தில் ஒரே படியில் பக்கம் பக்கமாக நின்று பார்த்தவர்கள். அந்த வருடம் மகன் சுவிஸுக்கு, எங்கடின் பள்ளத்தாக்கு ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்து வந்துவிட்டார். தகப்பன் கோப்பையைத் தனியே பார்த்தார். அதன்பிறகு மகனோடு கதைக்கவில்லை. மகன் தொலைபேசி எடுத்தால் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். இந்த வருடம் கழகம் மறுபடி இறுதிக்கு வந்திருந்தது. முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில், இரண்டாவது ஸ்கொட்லாந்தில். தங்கை மூலம் தகப்பனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "எனக்குப் பக்கத்தில் இடம் கிடக்கிறது." சுவீடன்காரர் அன்றே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னார். நான் "அப்படியோ" என்றேன். என் விசாரணையும் அவருடைய ஆட்டமும் ஒரே நாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவ்வளவு சந்தோசத்தில் இருந்த மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அதையே நினைத்தேன்.

அவர் புறப்படுவதற்கு முந்தைய பிற்பகல், வேறு வழியில்லாமல், கதவடியில் நின்று சொன்னேன். அவர் பேசியது ஜெர்மன். என் நினைவில் அது எங்கள் தமிழாகவே கிடக்கிறது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"இரண்டு கிழமை, ஷெஃப்."

"இரண்டு கிழமையா இதைச் சொல்லாமல் என்னட்டை என்ன கேட்டுக்கொண்டு நிண்டனீ?"

"உங்கடை கழகத்தைப் பற்றி."

ஒரே நாளில் எங்கள் பகுதியிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்பது ஹோட்டலின் சட்டம். மேசையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நீ இழுபட்டுப் போறாய். நான் உன்ரை பக்கம் நகர வேணும். படிப்பிச்சதுதானே." தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, தன்னிடம் வேலை செய்யும் தமிழனுக்காகத்தான் வரவில்லை என்றும், இந்த நாட்டில் கழகத்தின் வரலாறு முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்; சுவீடிஷில் சொன்னதைப் பிறகு ஜெர்மனில் எனக்குத் திருப்பிச் சொன்னவர் அவர்தான்.

பேர்ணில் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். மாலையில் திரும்பி வந்தபோது சுவீடன்காரர் என் இடத்தில் நின்று கரட் சீவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப உனக்கும் இரண்டு ஆட்டம்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

அடுத்த நாள் குசினித் தாழ்வாரத்துத் தொலைபேசி அடித்தது. சுவீடன்காரர் கீழே குளிர் அறையில் இருந்தார். நான் எடுத்து என் ஜெர்மனில் வணக்கம் சொன்னேன். மறுமுனையில் ஒரு வயதான குரல், கொஞ்சம் தயங்கி, பிறகு பேசத் தொடங்கியது. சுவீடிஷ். தகப்பன்தான் என்று விளங்கிவிட்டது. நிறுத்தி, மகனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் வயதுக்கு மூத்த ஒருவர் பேசும்போது இடையில் வெட்டுவதற்கு எனக்கு யாரும் பழக்கவில்லை. மூச்சு விடும் இடங்களில் "யா, யா" என்றேன். ஜெர்மனில் ஓம், ஆமாம் என்பதற்கு உள்ள சொல்தான் சுவீடிஷிலும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கிழவர் உற்சாகமானார். குரல் ஏறியது, ஓடியது, எங்கோ விழுந்தது. ஆட்டத்தைத்தான் சொல்கிறார். ஒரே ஒரு கோலில் வென்ற ஆட்டம். மகனுக்குச் சேர வேண்டிய கோலை என் காதுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முடித்து, வைத்துவிட்டார்.

சுவீடன்காரர் படியேறி வந்தார். விசயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னவர்?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஷெஃப். திருப்பி எடுத்துக் கேளுங்கோவன்."

"எனக்கெண்டா கதைக்க மாட்டார். கழகம் தெரிஞ்ச தமிழன் எண்டுதான் உன்னோடை கதைச்சவர்." பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். "எங்கை குரலை உயர்த்தினவர்?"

"தொடக்கத்திலை. பிறகு நடுவிலை, நல்லா."

"அது கோல். பிறகு?"

"கடைசியிலை ஒருக்கா நிப்பாட்டினவர். நீளமா. பிறகு மெல்லமா என்னவோ கேட்டவர்."

"கேட்டவரோ?"

"கேட்ட மாதிரித்தான் இருந்தது."

"அதுக்கு நீ என்ன சொன்னனீ?"

"யா எண்டு சொன்னனான்."

அவர் எழும்பி ஏப்ரனைத் தளர்த்தினார். "மகன் வருவானோ எண்டுதான் கேட்டிருப்பார். அப்ப நான் போகத்தான் வேணும்" என்றார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் ஊருக்குப் போய்விட்டார். ஸ்கொட்லாந்தில் சமநிலை, கோப்பை மறுபடி அந்தத் துறைமுகத்துக்கே போனது. சுவீடன்காரர் திரும்பி வரவில்லை. அவருடைய அடுப்பு எனக்கு வந்தது, பிறகு நிரந்தர விசாவும் வந்தது, இன்று நான் இருக்கும் கூர் நகரத்தில் என்னை விழாக்களில் சொந்த உழைப்பால் உயர்ந்த சமையற்கலைஞர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள். ஒரு மனிதர் வேலையை விட்டு, நாட்டை விட்டுப் போனது நான் சொன்ன ஒரு "யா"வை நம்பி. தகப்பனுக்குப் பக்கத்தில், அந்தப் படியில் அவருக்கு இடம் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. லுசேர்ணில் மழை பெய்கிறதா என்று மட்டும்கூடக் கிழவர் கேட்டிருக்கலாம்.